பெட்டியை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் அனுப்புங்கள்

கேள்வி: வணக்கம் சார். நானே வடிவமைத்த ஒரு போர்டு கேமைத் திருத்தித் திருத்தி ஒரு நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான்கு பேர் ஆடும் வியாபார விளையாட்டு. 110 கார்டுகள், 60க்கு 40 செ.மீ. பலகை, ஆளுக்கொரு சின்ன அட்டை, 120 மரக்கட்டைகள், 4 பகடை. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று என் விளக்கத்தைப் படித்துவிட்டு, "மாதிரியை அனுப்புங்கள், ஆடிப் பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. கூரியரில் விசாரித்தால், விளையாட்டைச் செய்ய ஆன செலவைவிட அனுப்பும் செலவு அதிகமாக வருகிறது. என் பெட்டி 30க்கு 30க்கு 10 செ.மீ., பேக் செய்தபின் என் தராசில் 2.1 கிலோ. அவர்கள் 4.5 கிலோ என்று கணக்குப் போடுகிறார்கள். இது சரியா? சுங்கப் படிவத்தில் 'பரிசு, மதிப்பு பூஜ்யம்' என்று எழுதிவிடு, பிரச்சினை வராது என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா? பதிப்பகத்திடமே செலவைக் கேட்கலாமா? வேறு இரண்டு நாடுகளில் உள்ள நண்பர்களுக்கும் சோதித்துப் பார்க்க ஒவ்வொன்று அனுப்ப ஆசை. அப்புறம், பார்த்து முடித்ததும் மாதிரியைத் திருப்பி அனுப்பச் சொல்லலாமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். விளக்கத்தைப் படித்துவிட்டு மாதிரியைக் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. பதிப்பகங்களுக்கு வந்து குவியும் விளக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு "நன்றி, எங்களுக்குப் பொருந்தாது" என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடும். அதனால் கூரியர் சொன்ன தொகையைப் பார்த்து மலைத்துப்போய் விட்டுவிடாதீர்கள். வடிவமைப்பாளர்களுக்கும் பதிப்பகங்களுக்கும் நடுவில் மாதிரிகளை அனுப்பி வாங்குவது என் அன்றாட வேலை, அதை வைத்துச் சொல்கிறேன்: அனுப்பும் செலவில் பெரும்பகுதி மாதிரியைச் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. கவுண்ட்டரில் போய் நின்று பேரம் பேசிக் குறைக்கக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் விஷயத்தில் மாதிரியையே இன்னொரு விதமாகச் செய்தால் செலவு பல மடங்கு இறங்கும், கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

அந்த நாலரை கிலோவில் ஏமாற்று எதுவும் இல்லை. சர்வதேச கூரியர்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பொதி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள் (சில சேவைகளில் 6000). அதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பபிள் ராப் வைத்து வெளிப்பெட்டிக்குள் போட்டால் 36க்கு 36க்கு 16 ஆகிவிடும். பெருக்கினால் 20,736. 5000ஆல் வகுத்தால் 4.15 கிலோ, அதை அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றினால் 4.5. ஆகக் கணக்கு சரிதான். விமானத்தின் சரக்கறை எடையால் நிறைவதற்கு முன்னால் பல சமயம் இடத்தால் நிறைந்துவிடும், அதனால்தான் இப்படி ஒரு கணக்கே வந்தது. இப்போது உங்கள் பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். கார்டு ஒரு மூலை, கட்டைகள் ஒரு மூலை, பலகை மேலே மடித்துக் கிடக்கும், மிச்சமெல்லாம் காற்று. பாதிக்கு மேல் அந்தக் காற்றுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள்.

கூரியர் தவிர தபால் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதே இல்லை. உலகத் தபால் ஒன்றியம் என்று ஒன்று உண்டு, 1874இல் தொடங்கியது, 192 நாடுகள் உறுப்பினர்கள். ஒரு நாட்டில் போட்ட பொதியை இன்னொரு நாட்டுத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பது இவர்கள் வகுத்த பொது விதிகளால்தான். அதில் கடித வகையைச் சேர்ந்த 'சிறு பொதி' என்று ஒரு பிரிவு இருக்கிறது: எடை 2 கிலோவுக்குள், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ.க்குள், எந்த ஒரு பக்கமும் 60 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இதில் பொதுவாக நிஜ எடைதான் கணக்கு, இடத்தை அளக்க மாட்டார்கள். உங்கள் பொதியைப் பாருங்கள், 36ம் 36ம் 16ம் கூட்டினால் 88, அளவில் தேறிவிட்டது. ஆனால் 2.1 கிலோ, 100 கிராமில் போய்விட்டது. அந்த 100 கிராமுக்காகப் பார்சல் என்ற அடுத்த பிரிவுக்குத் தள்ளப்பட்டு, அங்கே கட்டணம் வேறு மாதிரி ஏறும். மரக்கட்டைகளையும் பகடையையும் வெளியே எடுத்து வைத்தாலே பாதி வழி வந்துவிடலாம், வெளிப்பெட்டியைச் சின்னதாக்கினால் மீதி. ஆனால் நான் சொல்ல வருவது 100 கிராம் குறைப்பது இல்லை, அதற்கும் மேலே.

அதற்கு முன்னால் ஒரு மெயில் போடுங்கள். எதையும் வெட்டுவதற்கு முன், ஒட்டுவதற்கு முன், பதிப்பகத்திடம் அவர்களுக்கு எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேளுங்கள். "மாதிரியை அனுப்புங்கள்" என்பதை நாம் உடனே பெட்டி என்று எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் மனதில் இருப்பது அச்சிட்டுக்கொள்ளும் பிடிஎஃப் ஆக இருக்கலாம், டேபிள்டாப் சிமுலேட்டரிலோ டேபிள்டோப்பியாவிலோ ஏற்றிய கணினி வடிவமாக இருக்கலாம். பல பதிப்பகங்களில் முதல் சுற்றை இப்படிக் கணினியிலேயே ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்தால்தான் கையில் தொடும் மாதிரியைக் கேட்கிறார்கள். மெயிலில் சுற்றி வளைக்க வேண்டாம், இப்படி எழுதினால் போதும்: "மாதிரியை வெளிப்பெட்டி இல்லாமல் தட்டையான பொதியாக அனுப்ப நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா? சாதாரண மரக்கட்டைகளும் பகடையும் உங்களிடமே இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுகிறேன். முதலில் பிடிஎஃப் அல்லது கணினி வடிவம் போதுமென்றால் இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். பொதி வேண்டுமென்றால் பெறுபவர் பெயர், முழு முகவரி, தொலைபேசி எண் மூன்றும் வேண்டும்." தொலைபேசி எண்ணை மறக்காமல் வாங்குங்கள், சுங்கத்தில் கேள்வி வந்தால் கூரியர்காரர் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். இப்படிக் கேட்டால் தொழில் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். விளையாட்டுப் பதிப்பகத்தின் அலமாரியில் கட்டைகளும் பகடைகளும் டப்பா டப்பாவாக இருக்கும், முழுப் பெட்டியாக வரும் மாதிரிகளுக்குத்தான் இடம் இருக்காது.

சரி, நிஜமான மாதிரிதான் வேண்டும் என்று பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேஜையில் உட்காருங்கள்.

உங்கள் பலகை 60க்கு 40. 2 மி.மீ. பைண்டிங் அட்டையில் ஒட்டியிருப்பீர்கள், அந்த அட்டை சதுர மீட்டருக்குச் சுமார் 1,250 கிராம் இருக்கும், ஆக உங்கள் பலகை மட்டும் 300 கிராம். அதே படத்தை 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாளில் அச்சிட்டால் 48 கிராம். இன்னொரு வசதியும் இருக்கிறது, 60க்கு 40ஐ நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 30க்கு 20, கிட்டத்தட்ட ஏ4. தாளுக்குள் அடங்கும்படி படத்தைக் கொஞ்சம் சுருக்கி, நான்கு ஏ4 தாளில் பக்கத்துக்கொன்றாக அமைத்து, ஒட்டும் ஓரங்களில் ஏ, பி, சி, டி என்று சின்னதாகக் குறி போட்டுவிடுங்கள், அவர்கள் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆடும்போது நகராமல் இருக்கப் பின்பக்கம் ஒட்ட ஒரு துண்டு டேப்பையும் உள்ளே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அட்டைப் பலகையின் கனம் விளையாட்டைப் பற்றி அவர்களுக்கு எதுவும் சொல்லாது. எப்படியும் வெளிவரும்போது ஓவியம், அளவு, அட்டை எல்லாவற்றையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மாதிரி மேஜையில் படிக்கும்படி இருக்க வேண்டும், எழுத்து தெரிய வேண்டும், நிறங்கள் குழம்பக் கூடாது, அவ்வளவுதான்.

கார்டுகளை நான் அதிகம் குறைக்கச் சொல்ல மாட்டேன். கையில் வைத்து, கலைத்து, போட்டு ஆடுவது கார்டுதான், அது மெலிந்து வழுக்கினால் ஆட்டமே எரிச்சலாகிவிடும். வழக்கமான 63க்கு 88 மி.மீ. கார்டு 300 ஜிஎஸ்எம்மில் சுமார் 1.66 கிராம், 110 கார்டும் சேர்ந்து 183 கிராம், இருக்கட்டும். ஆனால் ஸ்லீவ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் உறை எடையைக் கூட்டுவது ஒரு பக்கம், அடுக்கின் உயரத்தையும் ஏற்றிவிடும், அதோடு உறை போட்ட கார்டு வழுக்கி வழுக்கிப் பைக்குள் ஒழுங்காக நிற்காது. ஒரே அடுக்காக வைத்தால் 4 செ.மீ. உயரம் வரும், அதை நான்காகப் பிரித்து நான்கு ஜிப் பைகளில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினால் உயரம் 1 செ.மீ.தான். ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதீர்கள். பத்து நாள் பயணத்தில் ஓரத்தை அமுக்கி ஒரு பள்ளம் பண்ணிவிடும், அப்புறம் அந்தக் கார்டு எது என்று பின்பக்கம் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மூடிய கார்டுகளை நம்பி நடக்கும் விளையாட்டுக்கு அது பெரிய கேடு.

மரக்கட்டைகள் 8 மி.மீ. கனசதுரம் என்றால் ஒன்று அரை கிராம்கூட வராது, 120ம் சேர்ந்து 45 கிராம் இருக்கும். பகடை நான்கும் 20 கிராம். ஆளுக்கொரு அட்டை ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் என்றால் நான்கும் 37 கிராம். விதிகள் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், நான்கு தாள் 20. கூட்டிப் பாருங்கள்: 48, 183, 45, 20, 37, 20. மொத்தம் 353 கிராம். 32க்கு 23க்கு 3 செ.மீ. அளவில் ஒரு தட்டையான நெளி அட்டைப் பொதி, 150 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அரை கிலோவை ஒட்டி வந்து நிற்கிறது. இதையே கூரியரில் போட்டால்கூட 32க்கு 23க்கு 3ஐ 5000ஆல் வகுத்தால் 0.44 கிலோ, ஆக இடத்துக்கு என்று தனியாக எதுவும் ஏறாது. நாலரை கிலோவுக்குக் கேட்ட தொகையையும் இதற்குக் கேட்கும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைகளும் பகடையும் அவர்களிடமே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இன்னும் 65 கிராம் போய்விடும், தபால் கட்டணம் எடைப் படிகளாக ஏறுவதால் அரை கிலோ என்ற படிக்குக் கீழே இறங்க அது போதும். உங்கள் தபால் துறையின் கட்டணப் பட்டியலில் படி எங்கே எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பேக் செய்யுங்கள். 510 கிராமுக்கு அடுத்த படியின் முழுக் கட்டணத்தையும் கொடுப்பதைவிட வருத்தமான செலவு இந்தத் தொழிலில் கிடையாது.

பேக் செய்யும்போது ஒரே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: சுங்கத்தில் திறந்து பார்த்தால், திறந்தவர் அதை மறுபடி ஒழுங்காக மூட முடிய வேண்டும். ஒவ்வொரு பையிலும் உள்ளே என்ன, எத்தனை என்று எழுதி ஒட்டுங்கள். விதித் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், உள்ளேயும் ஒரு தாளில் இரண்டு முகவரியும் இருக்கட்டும். கட்டைகளைப் பைக்குள் ஒரே அடுக்காகப் பரப்பிக் காற்றை வெளியே அமுக்கி மூடுங்கள், கீழேயும் மேலேயும் நெளி அட்டை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை, மழை எந்த ஊரிலும் வரலாம். விளையாட்டில் விளக்கு எரியும் பாகம், லித்தியம் பேட்டரி, வலுவான காந்தம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், விமானத் தபாலில் அதுதான் முதலில் மாட்டும். விதை, சிப்பி, இறகு போன்றவற்றைக் காயாக வைத்திருந்தாலும் அப்படியே, ஆஸ்திரேலியா நியூசிலாந்து போன்ற நாடுகளில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமை. சில நாடுகளின் தபால் தடைப் பட்டியலில் சீட்டுக்கட்டுகூட இருக்கிறது, அதனால் போகும் நாட்டின் பட்டியலை ஒருமுறை உங்கள் தபால் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன யோசனை. செய்யாதீர்கள். கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணத்தை மிச்சம் பிடிக்க என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம்தான் பொதியை வாரக்கணக்கில் சுங்கத்தில் உட்கார வைக்கிறது. மதிப்பு பூஜ்யம் என்று ஒரு பொருள் சுங்கத்துக்குக் கிடையாது, விற்பனைக்கு இல்லாத பொருளுக்கும் ஒரு மதிப்பு உண்டு. பூஜ்யம் என்று பார்த்ததும் அதிகாரி நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார், அல்லது தானே ஒரு மதிப்பைப் போடுவார், அது கடையில் விற்கும் முழு போர்டு கேமின் விலையாகக்கூட இருக்கலாம். பரிசு என்பது தனிநபர் தனிநபருக்கு அனுப்புவது, ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் போகும் பொதி பரிசாகாது. சுங்கப் படிவத்தில், அதாவது சிஎன் 22 அல்லது சிஎன் 23இல், பரிசு என்பதற்குப் பக்கத்திலேயே 'வணிக மாதிரி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்களுக்கானது அதுதான். 300 எஸ்டிஆர் மதிப்பு வரை சிறு பொதிக்குச் சிஎன் 22 போதும், உங்கள் மாதிரி அதற்கு வெகு கீழே. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, உங்கள் நாணயத்தில் எவ்வளவு என்று தபால் நிலையத்தில் சொல்லிவிடுவார்கள்.

மதிப்பாக என்ன எழுதுவது? தாள், அச்சு, கட்டைகள், பகடை ஆகியவற்றுக்கு நிஜமாகச் செலவானதை எழுதுங்கள், ரசீது இருந்தால் ஒரு நகலை உள்ளே வையுங்கள். உங்கள் யோசனையின் மதிப்பு, இத்தனை நாள் உழைப்பின் மதிப்பு எல்லாம் உங்களுக்கு மிகப் பெரிது, எனக்கும் அது தெரியும், ஆனால் அந்தக் கட்டத்தில் அது போக வேண்டியதில்லை. காப்பீடு எடுக்கும்போதும் இதே தொகைதான். படிவத்தில் சின்னத் தொகை, காப்பீட்டில் பெரிய தொகை என்று இரண்டு விதமாக எழுதினால் சுங்கம் பெரியதைத்தான் நம்பும். பொருள் விவரத்தில் 'கேம்' என்று ஒரு சொல்லோடு விடாமல், 'காகிதத்தாலான போர்டு கேமின் மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்று போகும் நாட்டு அதிகாரிக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள், எச்எஸ் குறியீடு (பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்) 9504.90. இன்றைக்குப் பல நாடுகள் இந்த விவரங்களைப் பொதி கிளம்பும் முன்பே மின்னணு வழியில் கேட்கின்றன, அதனால் தளத்திலேயே படிவத்தை நிரப்பி அச்செடுத்து ஒட்டுவது நல்லது. மாதிரிகளுக்கு என்று வரிச் சலுகை பல நாடுகளில் உண்டு, 1952இல் ஜெனீவாவில் இதற்காக ஒரு சர்வதேச உடன்படிக்கையே உருவானது. அந்தச் சலுகைக்குப் பொருள் விற்க முடியாததாக இருக்க வேண்டும், அதனால் பலகையின் பின்பக்கம், விதித் தாள், ஒவ்வொரு பை என்று எல்லாவற்றிலும் 'மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்று அழியாத மையில் எழுதுங்கள். சலுகை கிடைத்தே தீரும் என்று எண்ணி இருக்காதீர்கள், கிடைக்க வாய்ப்பைக் கூட்டுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வரி என்பது பெரும்பாலும் பெறுபவரிடம் போய் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு 22 யூரோ வரையான பொதிக்கு வாட் விலக்கு இருந்தது, 2021 ஜூலை 1 முதல் அது இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லை என்று இருந்ததை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டார்கள், அந்தச் சமயத்தில் பல நாடுகளின் தபால் துறைகள் அங்கே பொதி அனுப்புவதையே சில காலம் நிறுத்திவைத்தன. ஆகப் பழைய அனுபவத்தை வைத்து யாராவது சொல்வதைக் கேட்காமல், அனுப்பும் வாரத்தில் இருக்கும் விதியைப் பாருங்கள். உங்கள் மாதிரியின் மதிப்புக்கு வரி சொற்பமாகத்தான் வரும். ஆனால் அதை வசூலித்துக் கட்டியதற்காகத் தபாலோ கூரியரோ தனியாக ஒரு கையாளும் கட்டணம் போடும், சமயத்தில் அது வரியைவிடவே பெரிது. முன்பின் தெரியாத ஒருவரின் மாதிரியைப் பார்க்க நாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்று பதிப்பகத்தின் வாசலிலேயே பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டால், அவர்கள் கேட்ட விளையாட்டு அவர்கள் மேஜைக்கே போகாது. அதனால் வரியும் கட்டணமும் அனுப்புபவர் கணக்கில் என்று இருக்கும் சேவை (கூரியரில் டிடிபி என்பார்கள்) கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், "ஏதாவது கட்டணம் வந்தால் சொல்லுங்கள், உடனே அனுப்பிவிடுகிறேன்" என்று மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பல பொதிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

பதிப்பகத்திடம் செலவைக் கேட்கலாமா என்றால், முதல் மாதிரிக்குக் கேட்க வேண்டாம். முதல் மாதிரியை வடிவமைப்பாளர் தன் செலவில் அனுப்புவதுதான் வழக்கம். ஆடிப் பார்த்துப் பிடித்துப்போய், "வேறொரு ஊர்க் குழுவுக்கும் இன்னொன்று அனுப்புங்கள்" என்று கேட்டால், அப்போது கூச்சமே இல்லாமல் கேளுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு உங்கள் கையிலிருந்து ஒரு பைசாகூட இதற்குப் போகக் கூடாது. அதேபோல், மாதிரியைப் பரிசீலிக்கவே கட்டணம் வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்டால் அங்கே அனுப்பாதீர்கள்.

அவசரம் இல்லையென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் எசன் நகரத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் ஷ்பீல் என்ற போர்டு கேம் கண்காட்சி நடக்கிறது, 1983இலிருந்து நடப்பது, உலகெங்கும் உள்ள பதிப்பகங்கள் வந்து கடை போடும். உங்கள் பதிப்பகமும் வருகிறதென்றால், அங்கே போகும் வடிவமைப்பாளர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஏ4 அளவில் 3 செ.மீ. கனத்தில் இருக்கும் ஒரு பொதியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோவதில் அவருக்குச் சிரமம் எதுவும் இருக்காது. பெரிய பெட்டியென்றால் கேட்கவே நாக்கு எழாது.

உங்கள் நண்பர்கள் இருவருக்கும் பொதி அனுப்பவே வேண்டாம். சோதனைக்கு என்றால் பிடிஎஃப்தான் சரி, அடுத்த வாரம் நீங்கள் பத்துக் கார்டை மாற்றினால் அந்தப் பத்தை மட்டும் மறுபடி அனுப்பிவிடலாம், அனுப்பிய பொதியை மாற்ற முடியாது. ஒரு ஏ4 தாளில் வழக்கமான கார்டு ஒன்பது அமையும், 110 கார்டும் 13 தாளுக்குள் முடிந்துவிடும். சாதாரணத் தாளில் அச்சிட்டு வெட்டி, பழைய சீட்டுக்கட்டோடு சேர்த்து ஸ்லீவுக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கலைப்பதற்கு அருமையாக இருக்கும். இருவரில் ஒருவர் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால் அங்கே தாள் ஏ4 இல்லை, லெட்டர் அளவு, உயரம் 279 மி.மீ.தான். ஒன்பது கார்டும் மூன்று வரிசையாக 264 மி.மீ. உயரம் என்பதால் தேறும், ஆனால் மேலும் கீழும் ஏழு மி.மீ. சொச்சம்தான் மிஞ்சும், அதில் வெட்டுக் குறிகளைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். பலகைத் தாள்களை மட்டும் அவருக்கென்று தனியாக அமைக்க வேண்டியிருக்கும். அச்சிடும்போது 'பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வைக்கச் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் 5 செ.மீ. கோடு ஒன்றைப் போட்டு, அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொன்னால் சுருங்கியதா இல்லையா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். வெட்டி ஒட்டப் பொறுமை இல்லாதவர்கள் என்றால், ஒரே ஒரு பிரதிகூட அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, அமெரிக்காவில் தி கேம் கிராஃப்டர் அப்படிப்பட்டது. நண்பர் இருக்கும் நாட்டிலேயே அச்சாகி அவர் வீட்டுக்குப் போனால் எல்லை தாண்டும் செலவும் இல்லை, சுங்கமும் இல்லை.

கடைசியாக, திருப்பி அனுப்பச் சொல்வது. வேண்டாம். திரும்பி வரும் பொதிக்கு அவர்கள் ஒரு கட்டணம், உங்கள் நாட்டுச் சுங்கத்தில் இது நான் அனுப்பிய பொருள்தான் என்று நிரூபிக்க ஒரு அலைச்சல், எல்லாம் 353 கிராம் காகிதத்துக்கும் மரத்துக்கும். மூலக் கோப்புகள் உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கட்டும், அனுப்புவது எப்போதும் ஒரு நகல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயிலிலேயே, "பார்த்து முடித்தபின் வைத்துக்கொள்ளலாம், அல்லது அழித்துவிடலாம்" என்று எழுதிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி. பார்சலாகப் போகிறது என்றால், பெறுபவர் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அதைக் காலியாக விட்டால் பொதி திரும்பி வந்து அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம், 'கைவிடப்பட்டதாகக் கருதுக' என்ற கட்டத்தில் குறி போடுங்கள். அனுப்பிய ரசீதையும், 13 எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அந்தக் கண்காணிப்பு எண்ணையும் படம் எடுத்துப் பதிப்பகத்துக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பதிப்புத் தேதியைச் சின்னதாகப் போட மறக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து "பச்சைக் கார்டில் ஒரு சந்தேகம்" என்று அவர்கள் கேட்கும்போது, நீங்கள் அதற்குள் விளையாட்டை இரண்டு முறை மாற்றியிருப்பீர்கள், அவர்கள் கையில் இருப்பது எந்தப் பச்சைக் கார்டு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.